ஒல்லியானவர்களுக்கும் சர்க்கரை நோய்: எடை குறைந்தவர்கள் எப்படிச் சாப்பிட வேண்டும்?

சர்க்கரை நோய் என்றால் உடல் பருத்தவர்களுக்கு வருவது, சாப்பாட்டைக் குறைத்தால் கட்டுப்பட்டுவிடும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அதனால் ஒல்லியான ஒருவருக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் முதலில் நடப்பது சோற்றுத் தட்டைச் சுருக்குவதுதான். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, இரவு இரண்டு சப்பாத்தி என்று ஆகிவிடுகிறது. ஏற்கெனவே 48 கிலோ இருந்தவர் இரண்டே மாதத்தில் 44 கிலோவுக்கு வந்துவிடுகிறார். மிஷினில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது.

திருப்பூரில் இது அடிக்கடி காணும் காட்சி. 1925-ல் குலாம் காதர் அவர்கள் பேபி நிட்டிங் தொடங்கிய காலம் முதல் பனியன் தொழிலுக்கும் நம் சமுதாயத்துக்கும் உறவு உண்டு. பெரியதோட்டம், கோம்பைத்தோட்டம், காங்கயம் ரோடு பகுதிகளில் டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங், கைமடி, அயர்ன் என்று ஏதோ ஒரு வேலையில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத் திரும்பும் வாழ்க்கை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குச் சாப்பிடும் நேரமும் கூலியில் கழியும். டீயும் பன்னுமே பசிக்கு மருந்து. இப்படிப்பட்டவருக்குச் சர்க்கரையும் வந்தால் என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒல்லியாக இருந்தும் ஏன் வருகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் பருமனானவர்கள் அல்லர்.

பருமனானவர்களிடம் பெரும்பாலும் இன்சுலின் சுரந்தாலும் அது சரியாக வேலை செய்வதில்லை. ஒல்லியானவர்கள் பலரிடம் கணையம் சுரக்கும் இன்சுலினே குறைவாக இருக்கிறது. கருவில் இருந்தபோதும் குழந்தைப் பருவத்திலும் போதிய சத்து கிடைக்காதது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புள்ள இந்த நோய் 1955-ல் ஜமைக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் இதைத் தனி வகையாகச் சேர்த்து, 1999-ல் நீக்கிவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. இந்த நோயாளிகளிடம் இன்சுலின் சுரப்புக் குறைவே முதன்மையான கோளாறு என்று அது காட்டியது. 2025 ஜனவரியில் வேலூரில் நிபுணர்கள் கூடினார்கள். ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது.

ஒல்லியான எல்லோருக்கும் இந்த வகைதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பலருக்கு வழக்கமான இரண்டாம் வகையே இருக்கும். ஆனால் “உங்களுக்கு எந்த வகை?” என்ற கேள்வியை ஒல்லியானவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். மருந்தும் உணவும் அதைப் பொறுத்து மாறும்.

எடை குறைவு என்று எப்படி அறிவது?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை உயரத்தால் பெருக்கி வரும் எண்ணால் எடையை வகுக்க வேண்டும். இதுதான் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே வந்தால் எடை குறைவு. எடுத்துக்காட்டாக, 165 செ.மீ. உயரமுள்ளவர் 48 கிலோ இருந்தால் அவருடைய பி.எம்.ஐ. 17.6. அவர் குறைந்தது 50 கிலோவைத் தாண்ட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமலே சில மாதங்களில் நான்கைந்து கிலோ குறைந்திருந்தால், பி.எம்.ஐ. எவ்வளவு இருந்தாலும் அது எச்சரிக்கை மணி.

கேட்டுச் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இதை இன்னொரு பரிசோதனையால் உறுதி செய்வது வழக்கம். ஒல்லியானவர்கள் இத்தோடு நிறுத்தாமல் கீழ்க்கண்டவை தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

* சி-பெப்டைடு: கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும்.
* ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள்: பெரியவர்களுக்கு மெதுவாக வரும் முதல் வகையைக் கண்டறிய உதவும்.
* வயிற்று ஸ்கேன்: கணையத்தில் கல் இருந்தாலும் சர்க்கரை வரும். அடிக்கடி மேல்வயிற்று வலி, எண்ணெய் மிதப்பது போன்ற மலம் இருந்தால் இதை மறக்கக் கூடாது.
* தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு.
* சளிப் பரிசோதனை: சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் ஊரில் இருமல் வந்தால் “பஞ்சுத் தூசிதான்” என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்துவிடுங்கள். நோய் உறுதியானால் மருந்து இலவசம். நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது.

சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும்?

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது சிறுநீரில் வெளியேறும். கட்டுப்பாடு இல்லாதபோது ஒரு நாளில் 50 கிராம் சர்க்கரை வெளியேறினால், நாம் சாப்பிட்டதில் 200 கலோரி வீணாகப் போகிறது. உடல் அந்தக் குறையைத் தசையையும் கொழுப்பையும் கரைத்து ஈடுகட்டும். இந்த நிலையில் சாப்பாட்டையும் குறைத்தால் இரண்டு பக்கமும் இழப்பு. இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துச் சேமிக்கும் முக்கியமான இடம் தசை. தசை கரையக் கரைய சர்க்கரைக் கட்டுப்பாடும் கடினமாகிறது.

ஆகவே முதலில் மருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சிலருக்கு மாத்திரை போதாமல் இன்சுலின் தேவைப்படலாம். “இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டம்” என்பது தவறான பேச்சு. இன்சுலின் குறைவாகச் சுரப்பவருக்கு அதுதான் எடையைத் திரும்பத் தரும். மாறாக, மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி எடையைக் குறைக்கும். இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். “எனக்கு எடை குறைகிறதே, இந்த மாத்திரை சரிதானா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

சோற்றை நிறுத்த வேண்டாம். ஒரே வேளையில் குவிக்காமல் நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளுங்கள். அரிசிக்குப் பதில் சப்பாத்தி என்று மாற்றுவதால் மட்டும் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. இரண்டிலும் மாவுச்சத்துதான். ராகியும் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரையை வேகமாக ஏற்றும். களியாகவோ ரொட்டியாகவோ, கூடவே பயறு சேர்த்துச் சாப்பிடுவது மேல்.

கூட்ட வேண்டியது புரதமும் நல்ல கொழுப்பும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர், இருக்க வேண்டிய எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் எடுக்கலாம். 50 கிலோவுக்கு 50 முதல் 60 கிராம். இதை நம் வீட்டுச் சமையலிலேயே எட்டலாம்:

* 2 முட்டை: 12 கிராம்
* ஒரு கைப்பிடி நிலக்கடலை (30 கிராம்): 7 கிராம்
* கொண்டைக்கடலை சுண்டல் (உலர்ந்த எடை 50 கிராம்): 10 கிராம்
* பருப்பு அல்லது பச்சைப்பயறு கடைசல் (உலர்ந்த எடை 30 கிராம்): 7 கிராம்
* பாலும் தயிருமாக 400 மி.லி.: 12 கிராம்

இதுவே 48 கிராம் ஆகிறது. சோறு, இட்லியிலிருந்தும் கொஞ்சம் சேரும். மீனோ கோழியோ உள்ள நாளில் சுண்டலைக் குறைத்துக்கொள்ளலாம்.

எடை ஏற ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். 30 கிராம் நிலக்கடலை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், சமையலில் இரண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய் ஆகியவற்றைக் கூட்டினாலே ஏறத்தாழ 450 கலோரி வந்துவிடும். எடை கூட்டுவதாக நினைத்து பேக்கரி பலகாரம், ஜூஸ், சர்க்கரை சேர்த்த ஹெல்த் மிக்ஸ் பக்கம் போக வேண்டாம். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினாலே நல்ல முன்னேற்றம், அல்ஹம்துலில்லாஹ்.

வலீமா விருந்துக்குப் போனால் பிரியாணியைத் தொடக்கூடாது என்றில்லை. சோற்றைப் பாதியாக்கி, கறியையும் முட்டையையும் தயிர்ப் பச்சடியையும் கூடுதலாக எடுங்கள். இனிப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒன்றரை ஷிப்டுக்கு ஒரு சாப்பாட்டு நேரம்

* காலை 7.30: இட்லி அல்லது தோசை மூன்று, சாம்பார், ஒரு முட்டை.
* 11 மணி டீ நேரம்: சர்க்கரை போடாத டீ, வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டல்.
* மதியம் 1 மணி: ஒன்றரைக் கப் சோறு, பருப்பு அல்லது கொள்ளுக் குழம்பு, கீரை அல்லது காய், மீன் அல்லது முட்டை, தயிர்.
* மாலை 5 மணி: பால், வறுத்த நிலக்கடலை. ஒரு கொய்யாப்பழமும் சாப்பிடலாம்.
* இரவு 9 மணி: இரண்டு மூன்று சப்பாத்தி அல்லது தோசை, பச்சைப்பயறு கடைசல் அல்லது கோழிக் குழம்பு.
* படுக்கும் முன்: இன்சுலின் போடுபவர்களுக்கு அரை டம்ளர் பால். தேவையா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. பசியும் அடங்கிவிடுகிறது. டீயை இரண்டாகக் குறைப்பதே பாதி வெற்றி. செலவும் பெரிதல்ல. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. முட்டையும் நிலக்கடலையும் சுண்டலும் டீக்கடைச் செலவுக்குள் அடங்கிவிடும்.

உடற்பயிற்சி என்றால் தினமும் ஒரு மணி நேரம் வேக நடை என்று எடை குறைந்தவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிட்டபின் பத்து நிமிட நடையும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் வாரம் மூன்று நாள் போதும்.

தாழ்சர்க்கரை: மிஷின் அருகே கவனம்

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் ஒரு வேளை சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல் வரும். கட்டிங் மிஷின் அருகில் இது ஆபத்து. உடனே வேலையை நிறுத்தி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் குடிக்க வேண்டும். பக்கத்தில் வேலை செய்பவரிடம் உங்கள் நோயைச் சொல்லி வையுங்கள். மறைப்பதில் பயனில்லை. மாறாக வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், வாயில் பழ வாடை என்றால் சர்க்கரை அளவுக்கு மீறி ஏறியதன் அறிகுறி. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோன்பும் கருஞ்சீரகமும்

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை அல்-பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களிலிருந்து நாம் அறிவோம். எடை குறைந்து, இன்சுலின் போட்டுக்கொண்டு, சர்க்கரை கட்டுக்குள் வராதவர் நோன்பு வைப்பது ஆபத்து மிகுந்தது. ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். அனுமதி பெற்று நோன்பு வைப்பவர்கள் சஹரைத் தவறவிடக் கூடாது. முட்டையும் பயறும் தயிரும் சஹரில் இருக்கட்டும். இஃப்தாரில் ஒன்றிரண்டு பேரீச்சம்பழம், கறி சேர்த்த நோன்புக் கஞ்சி போதும். சமோசா, சர்பத் வேண்டாம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது ஆலிம்கள் பலரின் கருத்து.

கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிமொழியில் அறிந்திருக்கிறோம். உணவில் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதை நம்பி இன்சுலினை நிறுத்துவது மார்க்கம் காட்டிய வழி அல்ல. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியதும் அதே நபி (ஸல்) அவர்கள்தான்.

உதவி எங்கே?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. குடும்பத்தினருக்கும் சிகிச்சை கிடைக்கும். கம்பெனியில் உங்களுக்குப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பவர் டேபிளில் பதிவின்றி வேலை செய்பவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நாடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

இந்த வாரமே ஒன்று செய்வோம். வீட்டில் ஒல்லியாக, களைத்து, அடிக்கடி தண்ணீர் குடித்து, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும் ஒருவர் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அவரை அழைத்துப்போய் எடையும் சர்க்கரையும் பார்ப்போம். ஏற்கெனவே நோய் இருப்பவராக இருந்தால் அவர் தட்டைப் பிடுங்காமல், அதில் ஒரு முட்டையையும் ஒரு கரண்டிப் பயறையும் கூட்டி வைப்போம். நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.