தந்தமும் செங்கல்லும்: திருவனந்தபுரம் கற்றுத்தந்த பொருள் வரைதல்

ரயிலை விட்டிறங்கித் தம்பானூர் நிலையத்துக்கு வெளியே வரும் நம்மவர்கள், பேருந்து நிலையத்தின் பக்கத்தில் சிவப்புச் செங்கல்லால் ஆன ஒரு சுருள் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும். மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாகவே கட்டப்பட்டவை. சன்னலுக்குப் பதிலாகச் சுவர் நெடுகத் துளைகள். காற்றும் வெளிச்சமும் அதன் வழியே வந்துவிடும். ஊரிலிருந்து வரும் உறவினரை அங்கே அழைத்துப்போய் மசால் தோசை வாங்கிக் கொடுக்காத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அபூர்வம்.

அக்கட்டடத்தை அமைத்தவர் லாரி பேக்கர் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அது ஒரு பெரிய ஆராய்ச்சியின் சிறு பகுதி என்பதும், அந்த ஆராய்ச்சியின் அடிப்படை அறக்கேள்வி ஒன்று என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. கலையும் கட்டடத் தொழிலும் கற்பிக்கும்போது, “இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எவ்வளவு போதும்?” என்ற கேள்வியை எப்போது எழுப்ப வேண்டும் என்பதை இந்நகரத்தின் வரலாற்றிலிருந்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். சாலைக் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிமெண்டும் கம்பியும் விற்றவன். இப்பொருளைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதியும் அதுதான், தகுதிக் குறைவும் அதுதான்.

திருச்சாரணத்து மலை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் வழியில், மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த இப்பகுதி 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணைந்தது. குன்றின் மேல் இயற்கையாகவே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் அடியில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அங்கே உண்டு. அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தியார் பகவதிக்குப் பொன் அணி வழங்கியதை அக்கல்வெட்டு சொல்கிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். ஆக, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது கற்றலும் கற்பித்தலும் நடந்த மலை.

நான் அங்கே போகும்போதெல்லாம் கவனிப்பது ஒன்று உண்டு. அந்த ஆசிரியர்கள் தங்குவதற்கென்று மலையை உடைக்கவில்லை. மலை கொடுத்த நிழலே போதும் என்றிருந்தார்கள். எங்கள் சமணநெறி இல்லறத்தாருக்கு விதித்த ஐந்து விரதங்களில் முதலாவது கொல்லாமை. ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. அதைப் ‘பொருள் வரைதல்’ என்றும் சொல்வோம். வரைதல் என்றால் எல்லை போடுதல். ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று வீட்டுக்காரன் தானே தனக்குக் கோடு கிழித்துக்கொள்வது. முதல் விரதத்தை உணவில் காக்கிற நாங்கள், ஐந்தாவதைத் தொழிலிலும் வீட்டிலும் எவ்வளவு காத்தோம் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

தந்தம் சொன்ன பாடம்

திருவிதாங்கூரின் புகழ்பெற்ற கைவினை தந்தச் செதுக்கு. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா, விக்டோரியா அரசிக்கு வைரமும் மரகதமும் பதித்த தந்த சிம்மாசனம் ஒன்றை அனுப்பினார். 1851-ல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டு, உலகத்தார் கண்ணைக் கவர்ந்தது. 1876-ல் இந்தியாவின் பேரரசி என்ற பட்டம் ஏற்ற விக்டோரியா, அந்த இருக்கையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். பின்னர் 1888-ல் திருவனந்தபுரத்தில் கலைப்பள்ளி தோன்றியது. 1975-ல் நுண்கலைக் கல்லூரியாக உயர்ந்து இன்று பாளையத்தில் இருப்பது அதுவே. கைவினையைப் பரம்பரைப் பட்டறையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்த பெருமை இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு உண்டு.

அக்காலக் கலைக்கல்வி கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு நுணுக்கமாகச் செய்ய முடியும்? யானை எப்படிச் செத்தது என்று எந்தப் பட்டறையும் கேட்கவில்லை. கேட்கும் கட்டாயம் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-ல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடுத்தது. 1991-ல் வந்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவை அடைத்தது. இரண்டுக்கும் நடுவில், 1989-ல், உலக நாடுகளும் சேர்ந்து ஆப்பிரிக்கத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை போட்டன.

கொல்லாமையை நம்புகிற எனக்கு அந்தச் சட்டம் முழு மகிழ்ச்சி. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே பொருளில் கைபழகியவர்கள் நடுவயதில் மரத்துக்கும் மற்றப் பொருள்களுக்கும் மாற வேண்டி வந்ததையும் மறக்கக் கூடாது. கை கற்றிருந்தது, மாற்றுப்பொருளை யாரும் முன்கூட்டி ஆராய்ந்து வைக்கவில்லை. அறக்கேள்வியைக் கல்வி கேட்காமல் விட்டால், ஒருநாள் சட்டம் வந்து கேட்கும். அப்போது தண்டனை அனுபவிப்பவர் தொழிலாளிதான். தந்தம் நமக்குச் சொன்ன பாடம் இது.

உள்ளூர்க் குன்றில் ஒரு பாடசாலை

இனி இதற்கு நேர்மாறான வழியைக் காண்போம். லாரி பேக்கர் 1917 மார்ச் 2-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். கட்டடக்கலை படித்து 1937-ல் தேறினார். குவேக்கர் நெறியைச் சேர்ந்தவர். போரில் ஆயுதம் ஏந்த மறுப்பதும் எளிமையாக வாழ்வதும் அந்நெறியின் அடிப்படைகள். இரண்டாம் உலகப்போரின்போது மருத்துவ உதவிக் குழுவோடு சீனா போனார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து தம்மை மாற்றியதாகப் பேக்கர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். தொழுநோயாளர் மருத்துவமனைகளைக் கட்டும் பணிக்காக இந்தியா திரும்பினார். 1948-ல் டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, இமயமலையின் பித்தோராகரில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1963-ல் கேரளத்தின் வாகமண்ணுக்கும் பின்னர் திருவனந்தபுரத்துக்கும் வந்து, நாலாஞ்சிறையில் வீடு கட்டிக்கொண்டார்.

அச்சமயத்தில்தான் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் 1970-ல் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். முதலமைச்சராயிருந்த சி. அச்சுத மேனன் துணைநின்றார். வறுமையையும் வேலையின்மையையும் ஆராயப்போகும் நிறுவனத்துக்கு எப்படிப்பட்ட கட்டடம் தகும்? உள்ளூர்க் குன்றில் அதைக் கட்டும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. அவர் சரிவை வெட்டிச் சமப்படுத்தவில்லை. கட்டடங்களைச் சரிவுக்கு வளைத்தார். மரம் குறுக்கே வந்தால் சுவர்தான் விலகிற்று. கணினி மையத்துக்கு இரட்டைச் சுவர்; வெளிச்சுவர் முழுக்கத் துளைகள் விட்ட செங்கல் ஜாலி, உட்சுவர் குளிர்ச்சியைக் காப்பது. கேரள ஏழைகளைப் பற்றி அம்மையம் செய்த புகழ்பெற்ற ஆய்வை ஐக்கிய நாடுகள் சபை 1975-ல் வெளியிட்டது. காகிதத்தில் சிக்கனத்தை ஆராய்ந்தவர்கள் சிக்கனத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஆராய்ந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கால் பங்கு

பேக்கர் கையாண்ட ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற சுவர் முறையைக் கொத்தனார் பாஷையிலேயே சொல்கிறேன். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்கப் போடுவோம். இதில் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி இரண்டு வரிசை வைத்து, நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டு, இடையிடையே குறுக்குக் கல்லால் கட்டிப்போடுவார்கள். சுவரின் கனம் குறையாது, செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம், கலவையும் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். இது அவர் கண்டுபிடித்ததன்று, இங்கிலாந்தின் பழைய வழக்கம். அதை நம் வெயிலுக்கும் மழைக்கும் பொருத்தி, உள்ளூர்க் கொத்தனார் கைக்குக் கொண்டுவந்ததுதான் அவர் வேலை.

கூரையும் அப்படித்தான். கான்கிரீட் தளத்தின் மேல்பாகம் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பிகளுக்கு நடுவே கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை ஜோடியாக வைத்துவிட்டால் சிமெண்ட் குறையும், பாரமும் குறையும். பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து நம் வீட்டுக் கூரைமேல் இருந்த பொருள்தானே! பழைய வீடு இடித்தால் தூக்கிப்போடும் ஓட்டுக்கே அங்கே வேலை கிடைத்தது.

இதில் நான் அதிகம் மதிப்பது, அந்த அறிவைப் பரப்பிய விதம். பேக்கர் வேலை நடக்கும் இடத்திலேயே நின்று, கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் வரைந்து, கொத்தனாரோடு பேசி, திட்டத்தை அங்கேயே திருத்துவார். கட்டுச் செலவைக் குறைப்பது பற்றியும் மண்சுவர் பற்றியும் தாமே படம் வரைந்து மலிவான சிறு நூல்கள் எழுதினார். 1985-ல் அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோரோடு சேர்ந்து ‘கோஸ்ட்ஃபோர்டு’ அமைப்பைத் தொடங்கினார். இளம் பொறியாளர்களும் கொத்தனார்களும் ஒரே தளத்தில் நின்று பழகும் இடமாயிற்று அது. நம் சாலைக்குப் பக்கத்துக் கரிமடம் காலனியில் எழுந்த அடுக்குக் குடியிருப்புகள் கோஸ்ட்ஃபோர்டின் வடிவமைப்பே. 1990-ல் பத்மஸ்ரீ பெற்ற பேக்கர் 2007 ஏப்ரல் 1-ல் மறைந்தார். விளப்பில்சாலையில் அவர் பெயரில் இயங்கும் வாழிட ஆய்வு மையம் மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறது.

என் கடைக் கணக்கு

1987 என்று நினைவு. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், நாஞ்சில் நாட்டுக்காரர், கடைக்கு வந்தார். வீடு கட்டுவதற்குச் சிமெண்ட் பட்டியல் கொண்டுவந்திருந்தார். படித்துப் பார்த்துவிட்டு, “ஸார், இது கோழிக்கூண்டுக்குத்தான் காணும்” என்றேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. “அண்ணாச்சி, எனக்கு இவ்வளவுதான் வேணும். இதுக்கு மேல ஒரு மூட்டை வாங்குனா அது உங்களுக்காக வாங்குனதா இருக்கும்” என்றார்.

அந்தப் பதில் என்னைச் சுட்டது; ஆனால் திருத்தவில்லை. 1996-ல் நான் வீடு கட்டினேன். கடை நம்முடையது, மூட்டைக்கு என்ன பஞ்சம்? கனத்த தூண், கனத்த தளம், தேவையில்லாத முகப்பு, எல்லாப் பக்கமும் பூச்சு, வர்ணம். மீன மாத வெயிலில் மாடியில் ஒருவரும் படுக்க முடியாது. கொஞ்ச நாள் கழித்து அந்த ஆசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். பூசாத சுவர், ஓடு பதித்த தளம். உச்சிவேளையில் கூடத்தில் பாய் விரித்துக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஐந்தாம் விரதத்தைப் பரியூஷண நாட்களில் வாயால் சொல்லிக்கொண்டிருந்த நான், அவர் அதைச் சுவராகக் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டேன்.

நான் விற்ற பொருளின் கதையையும் பிறகுதான் படித்தேன். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி சூட்டில் வேகவைத்தால்தான் சிமெண்ட். எரிபொருளின் புகை ஒருபக்கம்; கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் கரியமில வாயு அதைவிட அதிகம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது.

மலை எங்கே போகிறது?

இது மலையாளிகளின் பிரச்சினை, நமக்கென்ன என்று இருக்க முடியாது. ஆற்று மணலைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001-ல் சட்டம் செய்தது. மணலுக்குப் பதில் பாறையைப் பொடித்த எம்-சாண்ட் வந்தது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் பாறை, ஜல்லியாகவும் பொடியாகவும் லாரி லாரியாகக் களியக்காவிளையையும் புளியரையையும் தாண்டி வருவதை ஊருக்குப் போகும்போதெல்லாம் நாமே பார்க்கிறோம். நாம் விட்டுவந்த ஊரின் மலைதான் இங்கே நம் வீட்டுத் தளமாகிறது.

மதுரைப் பக்கம் சமணர் படுக்கைகளும் தமிழிப் பிராமிக் கல்வெட்டும் உள்ள கீழவளவுக் குன்றை ஒட்டிக் கிரானைட் வெட்டியதை நாடறியும். அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது, நல்லது. ஆனால் இங்கும் சட்டம் கடைசியில்தான் வந்தது. யானையின் கதையேதான்.

பேக்கரின் செங்கல்லே என்றைக்கும் விடை என்று நான் சொல்லவில்லை. செங்கல்லுக்கு வயல் மண் வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும். கைத்திறனுள்ள கொத்தனாரின் கூலியும் ஏறிவிட்டது. அதனால்தான் கோஸ்ட்ஃபோர்டும் மண்ணையும் மூங்கிலையும் நோக்கிப் போனது. பொருள் மாறலாம், ஆனால் பட்டறையிலும் வகுப்பறையிலும் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். பேக்கர் வழியின் சாரம் அதுதான்.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியும் கைவினைப் போட்டியும் நடத்துகிறோம். இனி ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்ததன் கீழே இரண்டு வரி எழுதட்டும்: இதற்கான பொருள் எங்கிருந்து எடுத்தேன், எவ்வளவு மிச்சம் வைத்தேன். பரிசு கொடுக்கும்போது அந்த இரண்டு வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள். வீடு கட்டப்போகிற பெற்றோர் கான்கிரீட் போடுவதற்கு முன் ஒருமுறை தம்பானூர்ச் சுருளில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகட்டும். ஒரு மூட்டை குறைந்தால் வியாபாரிக்கு நட்டம்தான். பரவாயில்லை; வியாபாரியே சொல்கிறேன்.