ஒரு பீப்பாய்த் தண்ணியும் சில பறவைகளும்

நம்மூர்ல யானைக்கால் வியாதியைப் பரப்புற க்யூலெக்ஸ் கொசுவை எல்லாருக்கும் தெரியும். அதே கொசு ஹவாய் தீவுகள்ல பறவை இனங்களையே காலி பண்ணின கதை தெரியுமா மக்களே? கொஞ்ச நாளா இதைத்தான் தோண்டிக்கிட்டு இருக்கேன்.

ஹவாயில் ஒரு காலத்தில் கொசுவே கிடையாது. 1826-ல் மௌயி தீவின் லஹைனா துறைமுகத்துக்கு வந்த கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயில் வந்திறங்கியதாகச் சொல்கிறார்கள். பிறகு வெளியூர்ப் பறவைகளோடு பறவை மலேரியாவும் வந்தது. உள்ளூர்த் தேன்குடிப் பறவைகளுக்கு எதிர்ப்பு சக்தி சுத்தமா இல்லை. காடழிப்பு, எலி, பூனையும் சேர்ந்துகொள்ள, ஐம்பதுக்கும் மேலிருந்த இனங்களில் இன்று மிச்சம் சுமார் 17. அதுவும் பெரும்பாலும் மலைக்காட்டில். 13 டிகிரிக்குக் கீழே கிருமி கொசுவுக்குள் வளராது என்பதால்தான் பிழைத்தன. இப்போ பூமி சூடாகுது, கொசு மேலே ஏறுது. பறவை எங்கே போகும்?

1995-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயுள்ள ஒரே கொசுவிடம் கடிபட்ட 10 இஇவி பறவைகளில் 9 செத்துப்போயின. தப்பிப் பிழைக்கும் பறவைகளிடம் கிருமி சொற்பமாக ஒளிந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் சிக்காது. அதே வருஷம் வந்த பி.சி.ஆர். சோதனை, கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டிக்கொடுத்தது. எந்தக் காட்டில் எவ்வளவு நோய் என்பது அப்புறம்தான் சரியாகப் புரிந்தது.

சரி, மருந்து? அதுவும் கொசுவுக்குள்ளேயே இருந்தது! 1924-ல் ஹெர்டிக், வோல்பாக் இருவரும் கொசுவுக்குள் ஒரு நுண்ணுயிரைப் பார்த்தார்கள். 1967-ல் பர்மாவின் ஒக்போ கிராமத்தில் லாவன் என்பவர் வெளியூர் வகை ஆண் கொசுக்களை விட்டார். முட்டைகள் பொரிக்கவில்லை. காரணம் அந்த வோல்பாக்கியாதான் என்று 1971-ல் யென், பார் இருவரும் சொன்னார்கள்.

2023-ல் அமெரிக்க அரசு 8 ஹவாய்ப் பறவைகளை அழிந்தவை என்று அறிவித்தது. அதே வருஷம், வேறு வகை வோல்பாக்கியா கொண்ட ஆண் கொசுக்களை மௌயியில் விட ஆரம்பித்தார்கள். கொசு முதலில் வந்திறங்கிய அதே தீவில்!

கொசுவை ஒழிக்க கொசுவையே விடுறதான்னு கேட்கலாம். ஆண் கொசு கடிக்காது சாமி :-) அந்தக் கொசு ஹவாய்க்குச் சொந்தமும் இல்லை. மனுஷன் கொண்டுவந்ததை மனுஷன்தானே திருப்பி எடுக்கணும்? பறவைகளுக்குத்தான் நேரம் ரொம்பக் கம்மி. நீங்க என்ன நினைக்கிறீங்க?