பெயர்வழியும் கைவழியும்: ஆங்கில லேஸ் வணிகரின் மூதாதையரைத் தேடும் முறை

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஹோனிட்டன் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித மைக்கேல் ஆலயத்தில் ஜேம்ஸ் ராட்ஜ் என்பவரின் கல்லறைக் கல் இருக்கிறது. 1617 ஜூலை 27 அன்று இறந்த அவரை ‘எலும்பு லேஸ்’ விற்பவர் என்று கல் குறிக்கிறது. ஊர் ஏழைகளுக்கு என்றென்றும் பயன்படும்படி அவர் 100 பவுண்டு வைத்துச் சென்றதையும் சொல்கிறது. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சின்னச் சின்ன பாபின்களில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது திண்டு லேஸ். தொடக்க காலத்தில் பாபின்களை எலும்பில் செய்ததால் எலும்பு லேஸ் என்ற பெயர் வந்தது என்பார்கள். கூலியாள் ஒருவர் பல ஆண்டு உழைத்தாலும் சேராத தொகை 100 பவுண்டு. ஆக, 1617க்கு முன்பே இந்தத் தொழிலில் ஒருவர் பணக்காரராகிவிட முடிந்திருக்கிறது.

லேஸ் வணிகக் குடும்பங்களின் வரலாற்றை எழுதுவோர் இப்படி ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தந்தை, தந்தையின் தந்தை என்று மேலே ஏறுவது வழக்கம். இதைப் பெயர்வழி எனலாம். லேஸ் தொழிலைப் பொறுத்தவரை இந்த ஏணி பெரும்பாலும் தவறான மாடியில் கொண்டுபோய் விடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். குடும்பப் பெயர் ஆண்வழியில் போனது. தொழிலறிவோ தாயிடமிருந்து மகளுக்குப் போனது. அதைக் கைவழி என்கிறேன். கைவழியைத் தேடாமல் எழுதிய லேஸ் வம்சாவளி பாதி வம்சாவளிதான்.

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தாண்ட வேண்டும். லேஸ் வட்டாரத்தில் பிறந்த பல ஆங்கிலக் குடும்பங்கள், தங்கள் மூதாதையர் மதக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த ஃபிளெமிஷ்காரர் அல்லது பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்டுகளான ஹியூகனாட்டுகள் என்று சொல்லிக்கொள்கின்றன. 1865இல் லேஸ் வரலாற்று நூலை வெளியிட்ட ஃபேனி பரி பாலிசர், ஹோனிட்டன் பகுதியின் ஜெரார்ட், ஸ்டாக்கர், மேனார்ட், மர்ச் போன்ற பெயர்களை ஃபிளெமிஷ் வருகையின் தடயங்களாகப் பட்டியலிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஒப்பித்தார்கள். மேனார்ட் என்ற பெயரோ நார்மன் படையெடுப்புக் காலத்திலிருந்தே இங்கிலாந்தில் புழங்குவது. ஒலி ஒற்றுமை சான்றாகாது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. உலக மொழிகளிலெல்லாம் தமிழ் வேரைக் கண்டுபிடிக்கும் நூல்களை நாம் போதுமான அளவு படித்திருக்கிறோம்.

ஹியூகனாட் கதைக்குக் காலக்கணக்கே எதிரி. புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டுரிமை தந்த நான்ட் நகர ஆணையைப் பிரெஞ்சு அரசர் ரத்து செய்து, அகதிகள் பெருந்திரளாக வந்தது 1685இல். அதற்கு 68 ஆண்டு முன்பே ராட்ஜ் பணம் சேர்த்து இறந்துவிட்டார். 1560களின் பிற்பகுதியில் ஸ்பானிய ஆட்சியாளர் ஆல்பா கோமகனின் கொடுமைக்குத் தப்பி வந்த ஃபிளெமிஷ்காரர் கற்பித்திருக்கலாம் என்ற வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அது தொழிலைப் பற்றிய ஊகம், தனிக் குடும்பத்தின் பிறப்புச் சான்று ஆகாது. ஒரு குடும்பம் அகதி வழி வந்தது என்று நிறுவ, லண்டனில் எடுத்த 1571ஆம் ஆண்டு அயலார் கணக்கு, திரெட்நீடில் தெரு பிரெஞ்சு ஆலயப் பதிவேடு, ஆஸ்டின் ஃப்ரையர்ஸ் டச்சு ஆலயப் பதிவேடு, குடியுரிமைப் பத்திரம் போன்றவற்றில் ஒன்றிலாவது பெயர் அகப்பட வேண்டும். அங்கிருந்து லேஸ் கிராமம்வரை தலைமுறை அறுபடாமல் வரவும் வேண்டும். 1885இல் தோன்றிய ஹியூகனாட் சங்கம் அகதி ஆலயப் பதிவேடுகள் பலவற்றை அச்சிட்டிருப்பதால், தேடிப் பார்க்கவில்லை என்பதற்குச் சாக்கு இல்லை. விக்டோரியா காலத்தில் மதத்துக்காக நாடு துறந்த மூதாதை என்பது ஒரு கௌரவம். கூலிக்குப் பின்னிய பாட்டியைச் சொல்வதைவிட அது கூடத்தில் மாட்டி வைக்க வசதியானது.

அடுத்த தடை ‘லேஸ் வணிகர்’ என்ற சொல். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ‘லேஸ்மேன்’ என்றால் முதன்மையாகத் தங்க, வெள்ளிச் சரிகை விற்றவர். 1747இல் லண்டன் தொழில்களைப் பற்றி எழுதிய ராபர்ட் கேம்ப்பெல் இவரைப் பெருமுதல் தேவைப்படும் கடைக்காரராகவே காட்டுகிறார். பக்கிங்ஹாம்ஷயர், பெட்ஃபர்ட்ஷயர் கிராமங்களில் அதே சொல் வேறொரு ஆளைக் குறித்தது. நூலையும் ஊசித்துளையிட்ட வடிவத் தாளையும் பெண்களிடம் கொடுத்து, குறித்த நாளில் வந்து பின்னியதை வாங்கிக்கொண்டு, நூல் விலையைக் கழித்துக் கூலி தந்தவர் அவர். பலர் மளிகைக் கடையோ துணிக்கடையோ சேர்த்து நடத்தி, கூலியைப் பணமாகத் தராமல் சரக்காகவே தந்தார்கள். அதே ஆள் ஒரு டைரக்டரியில் லேஸ் வியாபாரி, இன்னொன்றில் லேஸ் உற்பத்தியாளர், மகனின் ஞானஸ்நானப் பதிவில் வெறும் கடைக்காரர் என்று தோன்றலாம். மூன்று ஆட்கள் என்று எண்ணி மூன்று கிளை வரைந்துவிடும் ஆபத்து இங்கே அதிகம்.

பெட்ஃபர்டின் தாமஸ் லெஸ்டர் (1791–1867) இந்த இரண்டாம் வகையின் உச்சம். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் அவர் லேஸ் இடம்பெற்றது. மகன்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள். அந்தக் குடும்பத்தின் வடிவ வரைபடங்களும் மாதிரிகளும் பெட்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பதால்தான் ஆன் பக் 1981இல் ஒரு முழு நூலே எழுத முடிந்தது. ஆனால் அந்த வடிவங்களைத் திண்டில் பின்னி லேஸாக்கிய பெண்களைப் பெயர்பெயராக வரிசைப்படுத்த இப்படி ஒரு சேகரம் இல்லை.

ஆவணங்களின் ஓரவஞ்சனை இங்கே தொடங்குகிறது. 1798இல் பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சத்தில் பக்கிங்ஹாம்ஷயர் முழுவதும் 15 முதல் 60 வயதுவரையுள்ள ஆண்களைத் தொழிலோடு பட்டியலிட்டார்கள். லேஸ் வியாபாரி, லேஸ் வாங்குபவர் என்று வணிகர்கள் வரிசையாக அதில் வருகிறார்கள். மரபு ஆய்வாளருக்கு அது பொற்கிணறு. ஆனால் அந்த மாவட்டத்தின் லேஸைப் பின்னியது பெரும்பாலும் பெண்கள். போருக்கு அழைக்க எடுத்த கணக்கில் அவர்களுக்கு வரி இல்லை. அதற்கு 18 ஆண்டு முன், 1780இல், அதே மாவட்டத்து ஆல்னி ஊரில் வாழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பர் ஒரு கடிதத்தில் அந்தச் சிறிய ஊரில் மட்டும் ஏறத்தாழ 1,200 லேஸ் தொழிலாளர் இருப்பதாகவும் வறுமையில் வாடுவதாகவும் எழுதினார். இந்த இரண்டு சான்றையும் அருகருகே வைத்தால்தான் வணிகர் எதன்மேல் நின்றார் என்பது தெரியும்.

தேவாலயப் பதிவேடுகளும் அப்படித்தான். அவை 1538இல் தொடங்கியவை. 1813 முதல் அச்சிட்ட ஞானஸ்நானப் படிவம் வந்து தந்தையின் தொழிலுக்கு ஒரு கட்டம் தந்தது; தாய்க்கு முதற்பெயர் மட்டும் போதும் என்று விட்டது, பிறந்த வீட்டுப் பெயர் கேட்கவில்லை. 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கியபோது திருமணச் சான்றில் மணமக்கள் இருவருக்கும் தந்தையின் பெயரும் தொழிலும் எழுதினார்கள். தாயின் பெயர் இங்கிலாந்துத் திருமணப் பதிவில் ஏறியது 2021 மே மாதத்தில்தான். அச்சுப்பிழையல்ல, 2021தான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைமேல் சுமக்கும் நாம் இதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது.

உயில்களின் கதை இன்னும் கொடுமை. 1942 மே மாதம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் எக்ஸிட்டர் நகரின் உயில் காப்பகம் எரிந்தது; டெவன் மக்களின் நூற்றாண்டுக்கணக்கான உயில்கள் அதோடு போயின. ஹோனிட்டன் மரபைத் தேடும் எவரும் இந்தச் சாம்பலில் முட்டிக்கொள்வார். ஆனால் பல இடங்களில் சொத்து வைத்திருந்த பெரிய வணிகர்களின் உயில்கள் கான்டர்பரி பேராயர் மன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை. அவை இன்று கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிறு வியாபாரியும் இரண்டு திண்டும் ஒரு கட்டிலும் வைத்திருந்த விதவையும் எரிந்தார்கள், பெரியவர் தப்பினார். டெவனின் வணிகக் குடும்பங்கள் தொடக்கத்திலிருந்தே செல்வந்தர்கள் போலத் தோன்றுவதற்கு இந்தத் தீயும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

நாட்டிங்ஹாமுக்கு வந்தால் நிலை தலைகீழ். அங்கே லேஸ் இயந்திரத்தில் வந்தது. டஃபீல்டில் 1783இல் பிறந்த ஜான் ஹீத்கோட் திண்டு லேஸின் வலைப் பின்புலத்தை இயந்திரத்தில் பின்னும் முறைக்கு 1809இல் காப்புரிமை பெற்றார். 1816 ஜூனில் லஃப்பரோவில் அவர் ஆலையை இயந்திர எதிர்ப்பாளர்களான லட்டைட்டுகள் உடைத்ததும் டெவனின் டிவர்ட்டனுக்குப் போனார். அவரது தொழிலாளர் பலர் பின்தொடர்ந்தார்கள். 1851 கணக்கெடுப்பு பிறந்த ஊரைக் கேட்டதால், டெவனில் வாழ்ந்தும் லஃப்பரோவில் பிறந்ததாகச் சொல்லும் குடும்பங்களை அதிலிருந்து பிரித்தெடுக்கலாம். 1841 கணக்கெடுப்பு இதற்கு உதவாது. இதே மாவட்டத்தில் பிறந்தவரா என்று மட்டும் கேட்டு, பெரியவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியது.

காப்புரிமை 1823இல் முடிந்ததும் நாட்டிங்ஹாமில் வலைப்பித்துப் பிடித்தது. பிறகு லேஸ் மார்க்கெட் பகுதியில் எழுந்த பெருவணிகர்களைப் பாருங்கள். 1855இல் திறந்த மாபெரும் கிடங்கைக் கட்டிய தாமஸ் ஆடம்ஸ் வொர்க்சாப்பில் பிறந்தவர். பலமுறை மேயரான ரிச்சர்ட் பர்க்கின் பெல்ப்பர்காரர். 1857இல் மேயரான லூயிஸ் ஹேமன் ஜெர்மனியிலிருந்து வந்த யூத வணிகர். மூவரில் ஒருவரும் பாட்டன் காலத்து லேஸ் வணிகக் குடும்பத்தின் வாரிசு அல்ல. லேஸ் வணிகரின் மூதாதையரும் லேஸ் வணிகராக இருந்திருப்பார் என்ற முன்முடிவோடு தேடுபவர் இங்கே வெறுங்கையோடு திரும்புவார்.

நாட்டிங்ஹாம் மரபில் முட்டுச்சந்து வந்தால் கடலைத் தாண்டிப் பார்ப்பது பலன் தரும். 1816 வாக்கில் ராபர்ட் வெப்ஸ்டர் முதலியோர் இயந்திரங்களைப் பிரெஞ்சுத் துறைமுகமான கலேக்குக் கடத்திப் போனார்கள்; அப்போது இயந்திர ஏற்றுமதி குற்றம். கலேயின் செயின்ட் பியர் பகுதியில் ஆங்கில லேஸ்காரர்களின் குடியிருப்பே உருவானது. பிரெஞ்சு அரசுத் திருமணப் பதிவு மணமக்களின் பிறந்த ஊரையும் இரு தாய்தந்தையரையும் கேட்டது, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட. இங்கிலாந்தின் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காத நாட்டிங்ஹாம் பாட்டியின் பெயர் கலேயின் பிரெஞ்சு மொழிப் பதிவில் கிடைப்பது இதனால்தான். 1848 புரட்சியில் வேலை போனதும் இவர்களில் பலர் அஜின்கோர்ட், ஃபேர்லி, ஹார்ப்ளி என்ற கப்பல்களில் ஆஸ்திரேலியா போனார்கள். அங்குள்ள அவர்களின் சந்ததியார் இந்தப் பிரெஞ்சுப் பதிவுகளைத் தோண்டியதால் இங்கிலாந்துக் குடும்பங்களின் சிக்கல்களும் அவிழ்ந்தன.

இனி ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். வணிகத்தின் உயிர் முதல். முதல் தந்தையிடமிருந்து மகனுக்கு உயில் வழியே போனது. ஆகவே வணிகரைப் பொறுத்தவரை பெயர்வழியே சரி என்று ஒருவர் சொல்லலாம். நாட்டிங்ஹாமின் கிடங்குகளுக்கு இதை ஒப்புக்கொள்கிறேன். திண்டு லேஸ் வட்டாரத்தில் முதல் மட்டும் இருந்து பயனில்லை. எந்த வீட்டில் எவள் எந்த வடிவத்தைப் பின்னுவாள், எந்தக் கை நுணுக்கம், எது அவசரம் என்று அறிந்தவரே அங்கே வணிகர். அந்த அறிவு பெண்களிடம் இருந்தது. 1840இல் விக்டோரியா அரசியின் திருமண லேஸைப் பீர் கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பெண்களைக் கூட்டிப் பின்னுவித்தவர் ஜேன் பிட்னி என்ற பெண்மணி. எக்ஸிட்டரின் புகழ்பெற்ற லேஸ் வணிகர் சார்லட் டிரெட்வின், திருமணத்துக்குமுன் டாப்ஸ். டிரெட்வின் என்ற பெயரைப் பிடித்து மேலே ஏறினால் போய்ச் சேர்வது அவர் கணவரின் முன்னோரிடம்.

கைவழி எப்படிப் பெயர் மாறிப் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1819இல் கணவர் சார்லஸ் மால்ட்டோடு நாகர்கோவில் வந்த மிஷனரி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளின் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, அதே தொழிலை இடையன்குடியில் ஊன்றினார். பெயரை மட்டும் பார்ப்பவருக்கு மால்ட், கால்டுவெல் என்று இரண்டு குடும்பங்கள். திண்டைப் பார்ப்பவருக்குத் தாயும் மகளும்.

நடைமுறையில் இதற்கு வழிகள் இல்லாமலில்லை. 1754 முதல் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்தோ கீறலோ இட வேண்டியிருந்தது. சாட்சிகளாகப் பெண்வீட்டார் அடிக்கடி வருகிறார்கள். 1662 சட்டத்தின்படி ஏழைகளை ஊர்விட்டு அனுப்பும்முன் எடுத்த குடியிருப்பு விசாரணைகளில் பிறந்த இடமும் செய்த வேலையும் பதிவாயின. விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் அதில் பேசுகிறார்கள், அவர்களின் பிள்ளைகளில் சிலர் பின்னாளில் கடை வைத்தார்கள். எனவே ஒரு ஆங்கில லேஸ் வணிகரின் மரபை எழுத உட்காருபவர் முதலில் அவருடைய தாயின் திருமணப் பதிவைத் தேடட்டும். தந்தையின் உயில் எங்கும் ஓடிவிடாது. பெரிய வணிகரானால் அது கியூவில் பத்திரமாக இருக்கிறது.