பம்பாய் ரத்த வகை

எச் ஆன்டிஜென் இல்லாத அரிய ரத்த வகை. ஒய். எம். பெண்டேயும் உடனாய்வாளர்களும் பம்பாயில் கண்டறிந்து 1952-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் பிரித்துக் காட்டிய வகைகளுக்கெல்லாம் அடித்தளம் எச்தான். சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியில் ஃபியூகோஸ் ஒட்டினால் எச் உண்டாகும். அதனுடன் இன்னொரு சர்க்கரை சேர்ந்தால் ஏ அல்லது பி, சேராவிட்டால் ஓ. பம்பாய் வகையினருக்கு அந்த ஃபியூகோஸே ஒட்டுவதில்லை. அதனால் ஏ, பி, எச் மூன்றுக்கும் எதிர்ப்பொருள் அவர்கள் ரத்தத்தில் இருக்கும். ஓ ரத்தம் யாருக்கும் ஏறும் என்ற பேச்சு இவர்களிடம் செல்லாது.

சிவப்பணுவை மட்டும் சோதித்தால் முடிவு ஓ என்றே வரும். ரத்தம் ஏற்றுமுன் நோயாளியின் பிளாஸ்மாவைப் பையிலுள்ள அணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்சின்போது எந்த ஓ பையை எடுத்தாலும் அணுக்கள் குழாயில் கட்டிகட்டியாகத் திரளும். பல நேரம் அப்போதுதான் சந்தேகமே எழுகிறது. நோயாளியின் பிளாஸ்மாவில் ஓ அணுக்களையும் கலந்து பார்த்தால் முன்பே தெரிந்துவிடும். செலவு அதிகமில்லாத இந்தச் சோதனையை விடுவதற்குக் காரணமே கிடையாது.

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இவ்வகை என்பது வழக்கமான மதிப்பீடு. பழுதான மரபணு தாய், தந்தை இருவர் வழியும் வரவேண்டும். உறவுக்குள் மணம் நடந்தால் அதற்கு வாய்ப்பு கூடும். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தெலுங்கரிடமும் தமிழரிடமும் அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டுவது பழைய வழக்கம். தாய்மாமனைக் கட்டியவளின் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வர 8-இல் 1 வாய்ப்பு. மாமன் மகன், அத்தை மகள் என்றால் 16-இல் 1. இவ்வகை உள்ளவருக்கு ரத்தம் தேவைப்பட்டால் கூடப்பிறந்தவர்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

வெள்ளணுக்களின் பக்கம் கதை திரும்பியது 1992-இல். இஸ்ரேலில் அமோஸ் எட்சியோனி குழுவினர் விவரித்த இரு சிறுவர்களுக்குப் பம்பாய் வகை ரத்தம். அடிக்கடி தொற்று, ஆனால் சீழ் பிடிக்கவில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளம். நாளச் சுவரைப் பற்றி உருண்டு திசுவுக்குள் இறங்க அவற்றுக்கும் ஃபியூகோஸ் சேர்ந்த சர்க்கரை வேண்டும். அது இல்லாததால் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஃபியூகோஸை உயிரணுவுக்குள் உரிய இடத்தில் சேர்க்கும் கடத்தியின் மரபணுவில்தான் பழுது என்பது 2001-இல் தெரிந்தது.

சாதாரண பம்பாய் வகையினருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களிடம் பழுதானது எச்சை உண்டாக்கும் நொதி மட்டுமே. வெள்ளணுவில் ஃபியூகோஸை ஒட்டுவது வேறு நொதி. கடத்தி பழுதான சில குழந்தைகளுக்கு ஃபியூகோஸை வாய்வழி கொடுத்ததில் தொற்று தணிந்தது, சிலருக்குப் பலனில்லை.