கேட்டுக்கு வெளியே சாப்ளின்

'மாடர்ன் டைம்ஸ்'னு சொன்னதுமே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ரெண்டு சீன்தான். சாப்ளின் ஸ்பானரும் கையுமா நட்டு முடுக்குறது, பல்சக்கரத்துக்குள்ள போய் மாட்டிக்கிறது. மனுஷனை மெஷினாக்கிட்டாங்கன்னு ஒரு விமர்சனமும் ரெடியா இருக்கும். ஆனா 87 நிமிஷப் படத்துல அந்த கன்வேயர் பெல்ட் வர்றது முதல் 20 நிமிஷம் போலத்தான். மிச்சமெல்லாம் வேற கதை. வேலை இல்லாத கதை.

படம் வந்தது 1936 பிப்ரவரி. பெல்ட் அதுக்கும் ரொம்பப் பழசு. ஹென்றி ஃபோர்டு தன்னோட ஹைலேண்ட் பார்க் ஃபேக்டரியில அதை ஓட விட்டது 1913ல. சேஸிஸ் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம், 93 நிமிஷமாச்சு. வேலை அலுத்துப்போய் ஆளுங்க ஓடினாங்க. 1914ல தினக்கூலி 5 டாலர்னு அறிவிச்சுத்தான் பிடிச்சு வெக்க முடிஞ்சது.

அப்புறம் 1929 சரிவு. 1933ல அமெரிக்காவுல நாலுல ஒருத்தருக்கு வேலை இல்ல. அதுக்கு முந்தின வருஷம் மார்ச் 7ஆம் தேதி, டியர்பார்ன்ல இருந்த ஃபோர்டு ஃபேக்டரிக்கு வேலை கேட்டு ஊர்வலம் போனவங்க மேல துப்பாக்கிச் சூடு. 4 பேர் அங்கேயே செத்தாங்க. படத்துலயும் ஹீரோயினோட அப்பா, வேலையில்லாதவங்க கலவரத்துல சுடப்பட்டுத்தான் சாகுறார். இதைப் பார்த்துத்தான் சாப்ளின் எடுத்தார்னு நான் சொல்ல வரல. அன்னைக்கு தியேட்டர்ல உட்கார்ந்திருந்தவனுக்கு அது வெறும் கதையா இருந்திருக்காது, அவ்ளோதான்.

ஜெயில்ல இருந்து விடுதலைன்னதும் சாப்ளின், இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கறேனேன்னு கெஞ்சுவார். வெளிய வந்தா சோறு இல்லையே! எனக்குப் பிடிச்ச சீன் அதுக்கப்புறம் வருது. ஃபேக்டரி திறக்குதுன்னு பேப்பர்ல பார்த்ததும் தலைதெறிக்க ஓடி, கூட்டத்துக்குள்ள புகுந்து, கேட்டை மூடுறதுக்குள்ள கடைசி ஆளா உள்ள நுழைவார். அவரைப் பைத்தியமாக்கின அதே மாதிரி மெஷின்கிட்டதான் இந்த ஓட்டம். நைட்டு பத்து மணி வரைக்கும் பிழியுறாங்கன்னு புலம்பிட்டு, ப்ராஜெக்ட் முடிஞ்சு பெஞ்ச்ல உட்கார்ந்ததும் தூக்கம் தொலைச்ச நம்மாளுங்களுக்கு இது சுலபமா புரியும் :)

டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குத் திருட வர்றவன் யாருன்னு பார்த்தா, பெல்ட்ல கூட நின்ன பழைய ஆள். திருடன் இல்ல, பசிங்கிறான். சாப்ளின் அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிறார். வசனமே கம்மி, ஆனா மந்தநிலையைப் பத்தி இதைவிட நறுக்குன்னு சொன்ன சீன் நான் பார்த்ததில்ல.

அதே 1936 டிசம்பர் கடைசியில ஃப்ளின்ட் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க. பெல்ட் வேகத்தைக் குறைக்கணும்கிறது முக்கியமான கோரிக்கை. ஆனா யாரும் வெளிநடப்பு செய்யல. வெளிய போனா அந்த இடத்துல நிக்க வேற ஆளு வந்துடும்னு தெரியும். 44 நாள் மெஷின் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. 1937 பிப்ரவரி 11ஆம் தேதி கம்பெனி யூனியனை அங்கீகரிச்ச பிறகுதான் கேட்டைத் தாண்டி வெளிய வந்தாங்க.