ஆவணமும் உரிமையும்: நிசாமின் இலண்டன் வைப்புத்தொகை

அறக்கட்டளை ஆவணம் தொலைந்தால் குடும்பத்தின் உரிமையும் தொலையுமா என்பது பழைய வினா. பெரியபுராணத்தில், புத்தூர் மணப்பந்தரில் நம்பியாரூரர் கிழித்தது படியோலை; திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கை முடித்தது மூலவோலை. பாட்டனாரின் கையெழுத்து, காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கப்பட்டது. இந்தியச் சட்டமும் இந்நெறியினதே. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 65ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 60ஆம் பிரிவும், மூலம் தொலைந்தமை மெய்ப்பிக்கப்படின் படியை ஏற்கின்றன.

முறையான ஆவணமே எழுதப்படாத நிலைக்கு ஐதராபாத் சான்றாகிறது. ஏழாம் நிசாம் மீர் உஸ்மான் அலிகான் தம் குடும்ப நகைகளுக்கு 1951இல் அறக்கட்டளை ஆவணம் எழுதுவித்தார். ஆனால் 1948 செப்டம்பரில், ஐதராபாத் இந்தியப் படையிடம் பணிந்த நாள்களில், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியிலிருந்த 10,07,940 பவுண்டு பாகிஸ்தான் உயர் ஆணையர் ரகிம்தூலாவின் பெயருக்கு மாற்றப்பட்டபோது அத்தகைய ஆவணம் எழவில்லை. சில நாள்களில் நிசாம் தொகையைத் திரும்பக் கேட்டார், வங்கி இசையவில்லை. 1957இல் பிரபுக்கள் அவை பாகிஸ்தானின் இறைமைக் காப்பை ஏற்று வழக்கை நிறுத்தியது. 2013இல் பாகிஸ்தானே வழக்குத் தொடுத்ததால் அக்காப்பு நீங்கிற்று.

2019 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம், அக்காலக் கடிதங்களையும் சூழலையும் ஆராய்ந்து, ரகிம்தூலா பொறுப்பாளர் மட்டுமே, பயனுரிமை நிசாமுடையதே எனத் தீர்ப்பளித்தது. தொகை அப்போது ஏறத்தாழ 3.5 கோடி பவுண்டாக வளர்ந்திருந்தது. நிசாம் 1967இலேயே மறைந்துவிட்டார். தீர்ப்பைக் கண்டவர்கள் பேரர்களே. ஆவணமின்மை இங்கு உரிமையை அழிக்கவில்லை. அதனை நிலைநாட்ட 71 ஆண்டுகளைக் கொண்டது.