அலவாங்கு புரட்டிய மலை

ஹட்டன் பக்கம் ரயிலில் போகும்போது நாங்கள் எல்லாரும் தேயிலையைத்தான் பார்ப்போம், தண்டவாளத்தை ஒட்டிய கல்லுக்கட்டை யாரும் பார்ப்பதில்லை. 1874இல் நாவலப்பிட்டி வரை வந்த பாதை நானுஓயாவைத் தொட 1885 ஆனது. வெடிமருந்து பாறையைப் பிளக்கும். பிளந்ததை நகர்த்த ஆள்தான் வேண்டும். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள்.

கையில் அலவாங்கு. போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல், அவர்கள் மொழியிலும் நெம்புகோல்தான். ஐந்தடி அலவாங்குக்கு நுனியிலிருந்து அரையடியில் முட்டுக்கல் வைத்தால் பலம் 9 மடங்காகும். 30 கிலோ அழுத்தினால் 270 கிலோ எழும்பும். ரெண்டு விரக்கடை தூக்கி, சின்னக் கல்லைச் செருகி, மறுபடி நெம்பணும். சரிவில் தூக்குவதைவிடப் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம். கயிற்றை அடிமரத்தில் நாலு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமா விடணும். கை வழுக்கினால் கீழே நிற்கிறவர் கதி அவ்வளவுதான். (பௌதிகப் பாடத்தில் இதையே நாங்கள் மனப்பாடம் செய்தோம், அலவாங்கைத் தொடாமல்.)

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்த பலருக்குப் பதிவே இல்லை. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். பாட்டன் பூட்டன் புரட்டிய கல் வட்டவளையில் அப்படியே இருந்தது, அதன்மேல் ரயிலும் ஓடியது.